வெள்ளை பூத்த கட்டிகள்

ஜனவரி 4

வீட்டுக்காரிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை, ஒரு விவரம் வேண்டியிருக்கிறது. ஃபோனில் கேட்கலாம்தான். ஆனால் முப்பத்தொரு வருஷம் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று என் காது போன கதை உனக்குத் தெரியும். நீ ஃபோனில் பேசினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறதே தவிர ஒரு வார்த்தை புரிவதில்லை. அதனால்தான் கடிதம்.

நீ குளியலறை மாடத்தில் வைத்துவிட்டுப் போன துணி சோப்பு தீர்ந்துவிட்டது. கடைசித் துண்டு நகம் அளவுக்குத் தேய்ந்து நேற்று தண்ணீரோடு போயிற்று. எங்கள் கம்பெனித் தூளை வாங்கிப் போட்டேன். மூன்று முறை துவைத்ததில் இரண்டு கையிலும் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சட்டைப் பித்தான் போடவே பத்து நிமிஷம் ஆகிறது.

ஆகவே நீ வீட்டில் செய்யும் சோப்புக்கு என்னென்ன பொருள், எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்பதை விவரமாக எழுதி அனுப்பவும்.

உன் அக்காவைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதம் என்று சொல்லி ஆகஸ்டில் போனாய். இப்போது ஜனவரி. சும்மா குறிப்பிடுகிறேன், வேறொன்றுமில்லை.

சமையலறைக் குழாய் ஒழுகியது. சரிசெய்துவிட்டேன்.


ஜனவரி 11

வீட்டுக்காரருக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், கையெழுத்து உங்களுடையதுதானா என்று. கொல்லன் தெருவிலேயே என்னை ஊசி விற்கச் சொல்கிறீர்கள். உங்கள் கம்பெனியில் சோப்பு எப்படிச் செய்வார்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லையா? அது சரி, உங்கள் வேலை செய்வதில்லையே, செய்ததில் நொட்டை கண்டுபிடித்து ஒதுக்குவதுதானே. 'ரிஜெக்ட் ஐயா' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். முக்குக் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் கேட்டால் கொடுப்பார்கள். துணியில் வடிகட்டி ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் நிறுத்து எடுங்கள், தம்ளரில் அளக்காதீர்கள். அதற்கு காஸ்டிக் சோடா நூற்று முப்பது கிராம், தண்ணீர் முந்நூறு கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினீர்களானால் பொங்கி முகத்தில் அடிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவியை மோந்து பார்க்காதீர்கள். சூடு தணிந்த பிறகு எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டுங்கள். கரண்டியைத் தூக்கினால் சொட்டு மேலேயே கோடாக நிற்க வேண்டும். அதுவரை கை ஓயக்கூடாது. பிறகு தட்டில் ஊற்றி மறுநாள் வெட்டினால் பன்னிரண்டு கட்டி வரும்.

வெட்டியதும் எடுத்துத் துவைத்துவிடாதீர்கள். காற்றுப் படும்படி ஆறு வாரம் ஆற வேண்டும். அந்த ஆறு வாரமும் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. இந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன், பாருங்கள்.

அக்கா அப்படியேதான் இருக்கிறாள். தினம் இரண்டு விரிப்பு துவைக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு கட்டி கரைந்துவிடுகிறது. அதனால் இப்போது வருவதற்கில்லை.


ஜனவரி 20

வீட்டுக்காரிக்கு,

நீ எழுதியபடி எல்லாம் செய்தேன். தோல்வி. விவரம் வருமாறு.

தண்ணீரில்தான் சோடாவைப் போட்டேன். போட்ட உடனே பாத்திரம் புஸ்ஸென்று சீறியது. நுரை எழும்பி மேடையெல்லாம் வழிந்தது. பாத்திரம் கருத்துப் போய், தூக்கிப் பார்த்தால் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிட்டேன். மாடியிலிருந்து டைலர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ஏதாவது தீஞ்சு போச்சா?" என்று கேட்டார். "இல்ல, பால் பொங்கிடுச்சு" என்று சொல்லிவைத்தேன்.

உன் செய்முறையில் ஏதோ பிழை இருக்கிறது. சரிபார்த்து எழுதவும்.

(பாத்திரம்: பெரிய அலுமினியக் குண்டான். எனக்கு வாய்ப்பாக இருந்தது அதுதான்.)


ஜனவரி 27

வீட்டுக்காரருக்கு,

அலுமினியமா? உங்களுக்கு யார் சொன்னது அதில் ஊற்றச் சொல்லி? காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வாளிதான் ஆகும். நான் எழுதவில்லைதான். எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. பதினைந்து வருஷமாக அந்தச் சமையலறையில் நீலப் பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்கினேன். ஒரு நாள்கூட நீங்கள் கண்ணில் பார்க்கவில்லையா?

மேலே ஏதும் படவில்லையே? பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையை மறைத்து எழுதாதீர்கள்.

பால் பொங்கியது என்று நீங்கள் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தது வீட்டுக்குள் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சிரித்து நாளாயிற்று.


பிப்ரவரி 10

வீட்டுக்காரிக்கு,

நீல வாளியில் செய்தேன். முதலில் அவசரப்பட்டுப் பாதியில் கிண்டுவதை நிறுத்திவிட்டேன். எண்ணெய் தனியாக மேலே மிதந்தது. மறுபடி உட்கார்ந்து ஐம்பது நிமிஷம் கிண்டினேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. கடைசியில் நீ சொன்ன கோடு விழுந்தது. அதைப் பார்த்ததும் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. "இங்க பாரேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் வீட்டில் ஆளில்லை என்று உறைத்தது.

ஏழாம் தேதி வெட்டினேன். பதினொரு முழுக் கட்டி, ஒன்று உடைந்தது. கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு வரிசையாக அடுக்கியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் குனிந்து பார்க்கிறேன். பார்க்க வேறென்ன இருக்கிறது இந்த வீட்டில்? காலண்டர், குழாய், எதிர்வீட்டு மொட்டைச் சுவர்.

உன் கையெல்லாம் வெடித்திருக்கிறது என்று ஒரு காலத்தில் நீ சொன்னாய். பழகிவிடும் என்று நான் சொன்னேன். எனக்குப் பழகவில்லை. உனக்கு எப்படிப் பழகியிருக்கும் என்று யோசிக்கிறேன்.


பிப்ரவரி 19

வீட்டுக்காரிக்கு,

அவசரம். சோப்பு கெட்டுப்போய்விட்டது. பதினொரு கட்டியிலும் மேல்பக்கம் சாம்பல் தூவின மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எவ்வளவு கிண்டினேன், எவ்வளவு பொறுத்தேன், எல்லாம் வீண். எங்கள் கம்பெனியில் இப்படிப் பூத்தால் பெட்டியோடு ஒதுக்கிவிடுவோம். என்ன செய்யட்டும்? தூக்கிப் போட்டுவிடட்டுமா?


பிப்ரவரி 24

தூக்கிப் போடுங்கள். உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே.


மார்ச் 2

உன் ஒற்றை வரி சனிக்கிழமை வந்தது. முதலில் கோபம்தான் வந்தது. கஷ்டப்பட்டு எழுதிக் கேட்டால் இவள் குத்திப் பேசுகிறாளே என்று. கட்டிகளை அள்ளி அட்டைப் பெட்டியில் போட்டுத் தெருமுனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் போய்விட்டேன். அங்கே போய் நின்றதும்தான் இதே இடத்துக்கு இதே மாதிரி ஒரு பெட்டியோடு ஏற்கெனவே வந்திருக்கிறேன் என்று நினைவு வந்தது. ஜூலைக் கடைசி. அன்றைக்குப் பெட்டி கனமாக இருந்தது. இதே மாதிரி வெள்ளை பூத்த, நீ செய்த முப்பத்தாறு கட்டி.

திரும்பி வந்து ஒரு கட்டியைக் கத்தியால் சுரண்டினேன். வெள்ளை மேலே ஒரு நூல் கனம்தான். உள்ளே நல்ல சோப்பு. ஒரு பழைய சட்டைக் காலரைத் துவைத்துப் பார்த்தேன். அழுக்குப் போயிற்று. கை எரியவில்லை.

நான் அன்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய், சுரண்டினால் போதும் என்று. கேட்கவில்லை. ரிட்டயர் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றாவது கிடைத்ததே என்று சந்தோஷமாகப் பெட்டியை எடுத்தேன். நீ கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "எல்லாம் கழிவு. வெளிய சொல்லாத, மானம் போயிடும்" என்று சொன்னேன். சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. பத்து நாள் கழித்து நீ பெட்டி கட்டினாய். அக்காவுக்கு முடியவில்லை என்றாய். நானும் அதுதான் காரணம் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவது வசதியாக இருந்தது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.


மார்ச் 9

வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. மன்னித்துவிடு என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். அந்த வார்த்தை உங்களுக்கு எழுத வரும் என்றே எனக்குத் தெரியாது.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அந்த முப்பத்தாறும் நமக்காகச் செய்தவை இல்லை. தெருவில் ஆறு வீட்டில் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஆறு கட்டி. என் வாழ்நாளில் என்னிடம் ஒருவர் ஒன்றை வேண்டும் என்று கேட்டது அப்போதுதான். ஆறு வாரம் பொறுங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கும், உங்களுக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாவது வாரம் அள்ளிக்கொண்டு போனீர்கள்.

ஆறு வீடும் ஏறி இறங்கி, சோப்பு சரியாக வரவில்லை, வீட்டுக்காரர் கழித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தேன். டைலர் வீட்டு அம்மா, "பரவாயில்லக்கா. சோப்பு நல்லாருக்கா இல்லையான்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா?" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அந்தப் படியிறங்கக் கால் வரவில்லை.

உங்கள் கட்டிகளைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். போடாதது நல்லது. இனி மேலே ஒரு துணியை மூடி வையுங்கள், பூப்பது குறையும். ஆற ஆறத்தான் சோப்பு நன்றாகக் கெட்டிப்படும். நான் அக்டோபர் கடைசியில் வெட்டியது பன்னிரண்டு கட்டி. டிசம்பரில் பயன்படுத்த எடுத்தேன். இன்னும் ஐந்து இருக்கிறது, ஒவ்வொன்றும் கல் மாதிரி.

கோபம் முன்னைப்போல இல்லை. ஆனால் அக்காவை விட்டு வர முடியாது.


மார்ச் 15

வீட்டுக்காரிக்கு,

மூன்று நாளாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தப்பாக இருந்தால் திட்டு.

மூன்று நாளைக்கு ஒரு கட்டி என்று ஜனவரியில் எழுதினாய். டிசம்பர் நடுவில் பன்னிரண்டு கட்டியை எடுத்திருந்தால் முப்பத்தாறு நாளில், ஜனவரி முடிவதற்குள், தீர்ந்திருக்க வேண்டும். மார்ச்சில் ஐந்து மிச்சம் என்கிறாய். பன்னிரண்டு வாரத்தில் ஏழுதான் தீர்ந்திருக்கிறது. நானும் இப்போது என் துணியை நானே துவைக்கிறவன். பன்னிரண்டு நாளைக்கு ஒரு கட்டி என்பது ஒரே ஒரு ஆளின் துணிக்கு ஆகிற கணக்கு.

அக்காவின் விரிப்பை யார் துவைக்கிறார்கள்?

இதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் இந்தத் தடவை கேட்காமல் விடக் கூடாது என்று கேட்கிறேன்.


மார்ச் 21

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதை நீங்கள் சோப்புக் கட்டியை எண்ணிக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எண்ணுவதில் மட்டும் உங்களை மிஞ்ச ஆளில்லை.

அக்கா நவம்பர் 17 அன்று போய்விட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் நீங்கள் வந்து நின்றிருப்பீர்கள். ஆக வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்திருப்பீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் "சரி, கிளம்பு" என்றிருப்பீர்கள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, எதுவுமே நடக்காத மாதிரி அந்தச் சமையலறையில் நின்றிருப்பேன். அக்கா இருந்தவரைக்கும் நான் இங்கே இருக்க ஒரு காரணம் இருந்தது. அவள் போனதும் காரணமும் போயிற்று. வர மட்டும் மனம் வரவில்லை. அதனால் அவளை இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு வைத்துக்கொண்டேன். பாவம்தான்.

அக்கா வீட்டில் இரண்டே அறை. தபால் ஆபீஸ் சுவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே முத்திரை குத்துகிற சத்தம் காலை முழுக்கக் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. மத்தியானம் இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்பவும் கவிழ்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான். அவர்களுக்கு அக்கா நர்ஸம்மா, நான் போய்விட்ட அந்த நர்ஸம்மாவின் தங்கை, அவ்வளவுதான். எத்தனையோ நாள் காலையிலிருந்து பேச வாய் திறக்காமலே மாலை ஆகியிருக்கிறது.

சோப்புக்காக மட்டும் நான் வந்துவிடவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நீங்கள் என்னை அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. ஆனால் எதையும் கேட்டதில்லை. இது வேண்டுமா, இது ஏன், உனக்கு எப்படி இருக்கிறது, ஒன்றும் கிடையாது. பார்ப்பீர்கள், சரியில்லை என்றால் ஒதுக்குவீர்கள். நானும் அந்த வரிசையில் வந்துபோகிற ஒரு கட்டி என்றுதான் இருந்தேன்.

எல்லாம் எழுதிவிட்டேன். இனி உங்கள் இஷ்டம்.


மார்ச் 26

என்ன எழுதுவதென்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

நவம்பர் 17 அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். கேஸ் வந்த நாள் என்று குறித்திருக்கிறது. நான் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், நீ அங்கே அக்காவை இழந்துகொண்டிருந்திருக்கிறாய்.

கேட்கிறேன். அன்றைக்கு உன்னோடு யார் இருந்தார்கள்? அக்கா கஷ்டப்பட்டார்களா? கடைசியாக உன்னிடம் ஏதாவது சொன்னார்களா? யார் வந்து எடுத்துப் போனார்கள், நீ கூடப் போனாயா? அன்றைக்கு நீ சாப்பிட யாராவது ஏதாவது கொடுத்தார்களா? அதற்கு மறுநாள் என்ன செய்தாய்? நாலு மாதமாக இதையெல்லாம் யாரிடம் சொன்னாய்?

இதற்கு முன்னால் கேட்காமல் விட்டதும் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றாக நினைவு வருகிறது, துண்டுச் சீட்டில் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன்னைக் கூட்டிவர இல்லை. "கிளம்பு" என்று சொல்ல மாட்டேன். நீ அங்கேயே இருப்பதென்றால் இரு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன். காது சரியில்லைதான். நீ மெதுவாகச் சொன்னாலும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன், புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல். வர வேண்டாம் என்றால் அதையும் எழுது.


மார்ச் 31

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் இதில் பதில் எழுதுகிறேன். மற்றதை எழுதக் கை வரவில்லை.

யாரும் இல்லை. காலை பத்தரை மணி. நான் பின்பக்கம் அவளுடைய விரிப்பை அலசிக்கொண்டிருந்தேன். பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு நல்ல வெயில், சீக்கிரம் காஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தேன். அவள் போய்விட்டிருந்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும், நான் திரும்ப வெளியே போய் அந்த விரிப்பைக் கொடியில் போட்டேன். நாலு மூலையையும் இழுத்துவிட்டு, சுருக்கம் நீக்கி, கிளிப் மாட்டினேன். எல்லாம் முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். செத்தவளை உள்ளே போட்டுவிட்டு எதற்குத் துணி காயப்போட்டேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் தேதி வரைக்கும் என்னால் முடியாது. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பி வாருங்கள்.